எடைக்கு ஒரு செங்கல்

ஊரார் வீட்டுப் பெருமையையெல்லாம் தட்டில் அடுக்கி, கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்திக்கு, தன் வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது என்ன மிஞ்சியிருக்கும்? குடவாசல் கடைத்தெருவில் சீர்வரிசைத் தட்டுக் கடை வைத்திருக்கும் பூவிழியைக் கொஞ்ச காலம் கவனித்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. அவளுடைய நாத்தனார் கண்ணாத்தாள் இதையே தன் பாணியில் கேட்டாள். “ஊருக்கெல்லாம் தட்டு கட்டுறவ. தன் மகளுக்கு என்னத்தக் கட்டுறான்னு பாக்கத்தானே போறோம்.”

பூவிழி பிறந்தது குடவாசலுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய ஒரு தெருவில். தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அப்பா கூலிக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போய், பிற்பாடு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார். அவள் பெரியவளானபோது தாய்மாமன் ரெத்தினம் கொண்டுவந்த சீர் ஒரு சாக்குப் பைக்குள் அடங்கியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வாய்க்கால் கரையோடு சுற்றி வந்தார். மேலத்தெரு வழியாக வந்திருந்தால் பாதி நடை மிச்சம். வந்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள் என்று மேலத்தெருக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். உண்மையாகவும் இருக்கலாம். தடுப்பார்களா மாட்டார்களா என்று சோதித்துப் பார்க்க, அக்காள் மகளின் சடங்கு நாளை ரெத்தினம் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தம்பி நெடுமாறன் அப்போது மிகச் சிறியவன். சாக்கிலிருந்து வெளியே வந்தவற்றில் ரோஸ் நிற பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்று மட்டும் அவனுக்கு நினைவிருக்கிறது. மாமா கரையைச் சுற்றி வந்த கதையை அவன் பிறர் சொல்லித்தான் அறிந்தான். கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டது அவனுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. பூவிழி அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த வீட்டுக்குள் வந்த முதல் பெரிய பொருள் அரசாங்கம் கொடுத்த டிவி. அதன் மீதிருந்த அரசு முத்திரையைப் பூவிழியின் அம்மா பிளேடால் சுரண்டி எடுத்தாள். முத்திரை போய்விட்டது, ஆனால் கீறல் முத்திரையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. எனவே அதன் மேல் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கரை ஒட்டினாள். தெருவில் எல்லா வீட்டிலும் அதே டிவிதான் இருந்தது, பல வீடுகளில் அதே ரோஜாப்பூவும் இருந்தது. யாரை ஏமாற்ற இந்தப் பாடு என்று சிரிக்கத் தோன்றும். பிளேடு பிடித்த கை எவரையும் ஏமாற்ற நினைத்ததாகத் தெரியவில்லை. கொடுத்தவர் பெயர் இல்லாத ஒரு பொருள் தன் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். வாங்குவது என்பதற்கு, வாங்கவே முடியாமல் இருந்தவர்களிடம் வேறொரு அர்த்தம் உண்டு. பண்டங்களால் தங்களை அளந்துகொள்கிறவர்களைக் கண்டு முகம் சுளிப்பது, அளக்கப்படவே அவசியமில்லாதவர்களுக்கு எளிது.

பட்டப்படிப்பு முடித்த பிறகு பூவிழி கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க நிற்க வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் ஒரே சேலை, ஒரே கொண்டை, ஒரே பொட்டு. வாடிக்கையாளர்கள் முகத்தைப் பார்க்காமல் “ஏம்மா” என்று கூப்பிடுவார்கள். ஒரே நேரத்தில் நாலு பேர் திரும்புவார்கள். அங்கே அவள் கற்றது இரண்டு. ஒன்று, துணியை மடித்து அன்னமாகவும் தாமரையாகவும் நிறுத்துவது. இன்னொன்று, ஒரு குடும்பம் சேலை எடுக்கும்போது அது யார் பார்ப்பதற்காக எடுக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது. அது பெரும்பாலும் கடைக்கு வராத ஒருவராக இருக்கும். சம்பந்தியம்மாளாக, ஓரகத்தியாக, பக்கத்து வீட்டுக்காரியாக. “இது போட்டோவுல எடுப்பாத் தெரியுமா?” என்று கேட்பார்கள். உடுத்தப் போகும் பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்பது அதற்குப் பிறகு வரும்; சில சமயம் வராது.

அந்தச் சம்பளத்தில்தான் நெடுமாறன் ஐ.டி.ஐ. படித்தான், ஏ.சி. மெக்கானிக்காக ஷார்ஜாவுக்குப் போனான். அவள், பள்ளிக்கூட வேன் ஓட்டும் பரிதியைக் கட்டிக்கொண்டு குடவாசலுக்கு வந்தாள். சுடர்விழி பிறந்தாள். நாள் முழுக்க நின்ற கால்களில் நரம்பு சுருண்டுவிட்டதால் ஜவுளிக்கடைக்குத் திரும்ப முடியவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்று தேடியபோது கிடைத்ததுதான் சீர்த்தட்டு.

பெண் பெரியவளானாலும் கல்யாணமானாலும் தாய்மாமன் சீர் கொண்டுவருவது எப்போதும் உள்ளதுதான். ஆனால் அதற்கு ஒரு வடிவமைப்பாளர் தேவைப்பட்டது சமீபத்தில்தான். இப்போது தட்டுகளுக்கு நிறம் உண்டு, அந்த நிறத்துக்குப் பெண்ணின் பாவாடை தாவணியும் மேடைப் பூவும் பொருந்த வேண்டும். சாக்லேட்டால் கோபுரம், முந்திரியால் மயில், சோப்பும் சென்ட்டும் அடுக்கிய பொம்மை வீடு. செண்டை மேளம் கேரளத்திலிருந்து வருகிறது. மேலே ட்ரோன் பறக்கிறது. தட்டேந்திய பெண்கள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அத்தை வீட்டுப் பெண்கள் உதட்டை அசைக்காமல் எண்ணத் தொடங்குகிறார்கள். பூவிழியின் கைவேலை சுத்தமாக இருக்கும். சீக்கிரமே கடைத்தெருவில் ஒரு அறை பிடித்து, மகள் பெயரில் பலகை மாட்டிவிட்டாள்.

பிறகு பெட்டிகள் வந்தன. தட்டு மட்டும் போதாது, டின்னர் செட், மிக்ஸி, ஹாட்பேக் என்று பெரிய பெட்டிகளும் ஊர்வலத்தில் தெரிய வேண்டும் என்று ஆனபோது, எல்லா மாமன்களாலும் அது முடியவில்லை. அவர்கள் கடைக்கு வந்து, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, “கொஞ்சம் கூட்டிக் காட்ட முடியுங்களா?” என்று கேட்டார்கள். பூவிழி பாத்திரக்கடைகளிலிருந்து நல்ல நிலையில் உள்ள காலிப் பெட்டிகளை வாங்கி வைத்தாள். அவள் அதைக் காட்சிப் பெட்டி என்றாள். மற்றவர்கள் டம்மி என்றார்கள். வெறும் பெட்டியைத் தூக்கி வரும் பெண்ணின் நடை காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், உள்ளே எடைக்கு ஒரு செங்கல்லைச் செய்தித்தாளில் சுற்றி, ஆடாமல் டேப் போட்டு ஒட்டுவாள். அடையாளத்துக்கு ஒரு பச்சை ரிப்பன். ஊர்வலம் முடிந்து பெட்டிகள் மேடையில் ஏறி, போட்டோ எடுத்தானதும், பச்சை ரிப்பன் கட்டியவை மட்டும் பின்வாசல் வழியாக ஆட்டோவுக்குப் போய்விடும். யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவளுடைய வாதம். அந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. ஆனால் அது எங்கே என்று சட்டென்று விரலை வைக்க முடியாது.

அந்த ஓட்டை தெரிந்தது ஆசீர்வாதத்தின் சீரில். குத்தாலம் பக்கத்துக்காரர், பிளம்பர் வேலை. கும்பகோணத்தில் ஒரு மண்டபத்தில் தங்கை மகளின் விழா. அவர் வாங்கியிருந்த சாமான்களோடு சில காட்சிப் பெட்டிகளும் சேர்த்துக் கேட்டிருந்தார். அன்றைக்கு மேடை, பூ, திரை எல்லாம் பீச் என்கிற வெளிர் ஆரஞ்சு நிறம். போட்டோகிராபரின் உதவியாளருக்குப் பச்சை ரிப்பன்கள் கண்ணை உறுத்தின. நல்லெண்ணத்தோடுதான் அவன் அவற்றை அறுத்துப் போட்டு, பீச் நிற ரிப்பனைக் கட்டினான். பெரிய பெட்டிகள் முன்னால் இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்று இடமும் மாற்றி வைத்தான். பூவிழி வாசலில் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வந்தபோது, மாமன் கொண்டுவந்த சீரிலிருந்து பெண்ணின் அத்தைக்கு ஒரு பொருள் எடுத்துக் கொடுக்கிற அவர்கள் வீட்டு வழக்கப்படி, டின்னர் செட் பெட்டி கைமாறிவிட்டது. அந்த அம்மாள் ஆசையாக அங்கேயே பிரித்தார்.

மண்டபம் சிரித்தது. ஆசீர்வாதமும் சிரித்தார், மற்றவர்களைவிட அதிகமாகவே சிரித்தார். பிறகு சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவரைக் காணவில்லை. அன்று முதல் அந்தச் சம்பந்திகள் வீட்டில் அவருக்குச் செங்கல் மாமா என்று பெயர். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அவருடைய தங்கை மகள்கூட அப்படிக் கூப்பிடத் தொடங்கினாள்.

சில நாள் கழித்து ஆசீர்வாதம் குடவாசல் கடைக்கு வந்தார். சண்டை போட வருகிறார் என்று நினைத்துப் பூவிழி எழுந்து நின்றாள். அவர் டின்னர் செட் பெட்டியை மேசைமேல் வைத்தார். “பெட்டி கிழியல. பாத்துக்குங்க” என்றார். வாடகைக்கு எடுத்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னர் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

இந்தச் சம்பவத்தோடு கடையை மூட வேண்டியிருக்கும் என்று பூவிழி பயந்தாள். நடந்தது நேர்மாறு. கதை ஊர் ஊராகப் போனதில், அப்படி ஒரு பெட்டி கிடைக்கும் என்று தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஆர்டர்கள் கூடின. ஒருவர் மட்டும் முன்யோசனையோடு, “செங்கல் வேணாங்க, மணலா வைங்க. பிரிச்சுட்டாங்கன்னா சர்க்கரைன்னு சொல்லிச் சமாளிச்சுக்குறேன்” என்றார்.

அதே சமயம் வாங்கும் தரப்பும் சும்மா இருக்கவில்லை. சீர் வந்ததும் பெட்டிகளைச் சபையில் பிரித்துக் காட்டச் சொல்லும் பழக்கம் இந்தப் பக்கத்தில் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் சந்தேகத்தில் கேட்டார்கள், பிறகு கௌரவத்துக்குக் கேட்டார்கள், அடுத்த ஆண்டே அது சடங்காகிவிட்டது. மைக்கில் பொருளின் பெயரும் கம்பெனியும் சொல்லப்படும், மாமன் கத்தரியால் டேப்பை வெட்டுவார், கூட்டம் கைதட்டும். அதற்குப் பெட்டி பிரிப்பு என்று பெயர். அழைப்பிதழில் நேரம் போட்டு அச்சடிக்கிறார்கள். வெல்வெட் சுற்றி முத்துப் பதித்த கத்தரி ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. பூவிழி அதையும் செய்து விற்றாள். பிரிக்கக் கூடாத பெட்டியும், பிரிப்பதற்கான கத்தரியும் ஒரே கடையில் கிடைத்தன. பொய்யை விற்கும் சந்தை, கொஞ்ச நாளில் உண்மைக்கான சான்றையும் பக்கத்து அலமாரியில் வைத்து விற்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டையும் வாங்கிய பிறகும் எவரும் எவரையும் நம்பவில்லை.

இதையெல்லாம் விட்டுவிடக் கூடாதா என்று பரிதி ஒருமுறை கேட்டான். நாளைக்கு மூன்று ஆர்டர் இருக்கிறது, முடித்துவிட்டு யோசிக்கிறேன் என்றாள். நாளைக்கு மூன்று ஆர்டர் இல்லாத நாளே வரவில்லை. அவளுக்குத் தொழிலில் வெறுப்பு வந்ததாகச் சொல்ல முடியாது, ஈடுபாடு இருந்ததாகவும் சொல்ல முடியாது. மத்தியான வேளையில் கடைக்குப் போனால், முந்திரியை ஒவ்வொன்றாகப் பசையில் தொட்டு மயிலின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருப்பாள். தலை நிமிராமல் என்ன நிறம் என்று கேட்பாள். வந்தவர் நிறத்தைச் சொல்வார். பேச்சு அவ்வளவுதான்.

சுடர்விழி எட்டாம் வகுப்பில் இருக்கும்போது பெரியவளானாள். அவள் மற்றப் பெண்களின் விழாக்களுக்குத் தட்டுக் கட்ட உதவியவள். தன்னுடையது எப்படி இருக்க வேண்டும் என்பதை அவள் இரண்டு வருஷமாக போனில் சேர்த்து வைத்திருந்தாள். லாவண்டர் நிறம் என்றாள். அவளுடைய அப்பாவுக்கு அந்த நிறம் எதுவென்று தெரியவில்லை. காட்டியதும், “கத்தரிப்பூக் கலர்னு சொல்லேன்” என்றான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நெடுமாறன் விடுப்பில் வந்தான். சீர் முழுக்கத் தன்னுடையது, அக்கா கடையிலிருந்து ஒரு ரிப்பன்கூட வரக் கூடாது என்றான். வந்த மறுநாளே கும்பகோணம் போய் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிரஸ்ஸிங் டேபிள், ஓவன், சுடர்விழி படிக்க லேப்டாப் என்று வாங்கிக் குவித்தான். ஓவனில் என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. மொட்டைமாடிகளில் வெயிலில் கவிழ்ந்து கிடந்து ஏ.சி. பழுது பார்த்த காலத்தில், அந்தந்த வீட்டுச் சமையலறைகளில் அது இருந்ததைப் பார்த்திருக்கிறான்.

பத்திரிகை வைக்கப் போன இடத்தில்தான் கண்ணாத்தாள் அந்தப் பேச்சை எடுத்தாள். இவ்வளவு பெட்டி வரப்போகிறது என்று கேட்டதும், “ஒனக்கென்ன தம்பி கவலை, ஒங்கக்கா கடையிலதான் பெட்டி எக்கச்சக்கமாக் கெடக்கே” என்று சிரித்தாள். நெடுமாறன் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவன் சொன்னது இது: எல்லாப் பெட்டியையும் சபையில் நானே பிரிப்பேன், ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து வைப்பேன், தொட்டுப் பார்க்கட்டும். பின்னால் உட்கார்ந்திருந்த பூவிழி சரி என்றாள். கத்தரித் தட்டும் தன் நிறத்திலேயே வேண்டும் என்று சுடர்விழி கேட்டாள். அதையும் பூவிழியே செய்தாள். நெடுமாறனின் கட்டளைக்கு அது ஒன்றுதான் விதிவிலக்கு.

அவனுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் சம்பாதித்தது நிஜம், வாங்கியது நிஜம். ஆனால் அவன் அக்கா இந்தத் தொழில் செய்ததனாலேயே, அவனுடைய பெட்டிகளை மட்டும் ஒருவரும் நம்பப் போவதில்லை. அன்றைக்குப் பிரித்தால் ஒழிய.

விழா நாள் காலையில் சீர் வண்டி குடவாசலிலிருந்து நேராக மண்டபத்துக்கு வரவில்லை. நெடுமாறன் அதை முதலில் பிறந்த ஊருக்குக் கொண்டு போனான். வாய்க்கால் கரைக்கு அல்ல, மேலத்தெருவுக்கு. திறந்த லாரியில் பெட்டிகள், முன்னால் மேளம், தட்டேந்திய பெண்கள். தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. மீதியில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், லாரி அருகில் வந்ததும் தலை நிமிர்ந்து, “ஃப்ரிட்ஜ் எத்தன லிட்டரு தம்பி?” என்று கேட்டார். நெடுமாறன் மேளத்தை நிறுத்தச் சொல்லி, லாரியிலிருந்து இறங்கி, அவர் பக்கத்தில் போய்ப் பதில் சொன்னான். நல்லா ஓடுமா, கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று அவர் மேலும் கேட்டார். அவன் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னான். மறுபடி லாரியில் ஏறியபோது அவன் முகத்தைப் பார்த்தவர்கள், அவன் அழப் போகிறானோ என்று நினைத்திருக்கிறார்கள். ரெத்தினம் நடக்காத தெருவில் அவருடைய மருமகன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு குளிர்பதனப் பெட்டியைத்தான். அதை அற்பம் என்று ஒதுக்க மனம் வரவில்லை. வெற்றி என்று கொண்டாடவும் வரவில்லை.

மண்டபத்தில் பெட்டிகள் மேடையோரம் அடுக்கப்பட்டன. பெண்கள் கடந்து போகும்போது விரலால் தட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி ஓவன் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்து, “கனமாத்தான் இருக்கு” என்றாள். “தம்பி சீமைக்குப் போனவரு. ரெண்டு கல்லா வச்சிருப்பாரு” என்று இன்னொருத்தி சொல்ல, அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. லாவண்டர் பாவாடை தாவணியில் உட்கார்ந்திருந்த சுடர்விழிக்கும் அது கேட்டது. சந்தனம் பூசி, நலுங்கு வைத்து, மாலை போட்டானது. கண்ணாத்தாள் அத்தை முறைக்குச் செய்ய வேண்டியதைக் குறையில்லாமல் செய்தாள். அவளிடம் பகை எதுவும் இல்லை. அவளுடைய வாய் எப்போதும் அப்படித்தான்.

மைக் பிடித்தவர் பெட்டி பிரிப்பை அறிவித்தார். வீடியோக்காரர் விளக்கைத் திருப்பினார். சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் நகரத் தொடங்கியிருந்தவர்கள்கூடத் திரும்பி வந்து நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நெடுமாறன் தட்டிலிருந்து கத்தரியை எடுத்து, முதலில் லேப்டாப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டான்.

பூவிழி மகளின் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம் தம்பி.”

அவன் எதையோ சரிசெய்யச் சொல்கிறாள் என்று நினைத்தான். “என்னக்கா, மேல இருக்கறத மொதல்ல எடுக்கணுமா?”

“பிரிக்க வேணாம்.”

மைக் பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. நெடுமாறன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “எல்லாம் நெசம்க்கா. ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்பறம் என்ன?”

கண்ணாத்தாள் பக்கத்திலிருந்தவளிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, “அதான் நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்றாள். யாரோ சிரித்தார்கள். நெடுமாறன் மண்டியிட்டபடியே அண்ணாந்து அக்காவைப் பார்த்தான்.

“நான் வாங்குனத நான் காட்டக் கூடாதாக்கா?”

அவள் கத்தரியை அவன் விரல்களிலிருந்து மெதுவாகக் கழற்றி எடுத்து, தட்டில் வைத்தாள். மைக் பிடித்தவரிடம், இலை போட்டாகிவிட்டது, எல்லோரையும் சாப்பிட வரச் சொல்லுங்கள் என்றாள். அவர் நெடுமாறனைப் பார்த்தார், பரிதியைப் பார்த்தார், பிறகு சொன்னபடி அறிவித்தார்.

நெடுமாறன் வெளியேறவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பந்திக்குப் போய், சாம்பார் வாளியை எடுத்து, கடைசிப் பந்தி முடியும் வரை பரிமாறினான். பூவிழி ரசம் கொண்டு போனாள். இருவரும் ஒரே வரிசையில் பல முறை ஒருவரையொருவர் கடந்தார்கள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும்போது பிரித்தார்கள். சுடர்விழி அந்த லேப்டாப்பில்தான் இப்போது படிக்கிறாள். ஃப்ரிட்ஜைப் பார்த்த உறவினர்கள், ஊரார் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார்களே என்று அப்புறமாக வாங்கி வைத்திருப்பார்கள் என்றார்கள். அன்றைக்கு உள்ளே கல்தான் இருந்தது என்பது குடவாசலில் இன்று முடிவாகிவிட்ட விஷயம். தன் அக்கா கண்ணாத்தாளின் வாய்க்குப் பணிந்து போகப் பூவிழிக்கு மனமில்லை என்பது பரிதியின் எண்ணம். அம்மாவுக்கு அந்த நிறமே பிடிக்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் சீக்கிரம் முடிக்கப் பார்த்தாள் என்று சுடர்விழி சொல்கிறாள். ஆசீர்வாதத்தை நினைத்துச் செய்திருப்பாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அப்படி நினைக்க நமக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. அடுத்த வாரம் கடை திறந்தது. காட்சிப் பெட்டிகள் அலமாரியில் இருக்கின்றன, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறாள். செங்கல்லும் வைக்கிறாள். மனம் மாறியவள் என்று அவளைச் சொல்ல வழியில்லை.

நெடுமாறனின் விடுப்பு முடிந்தது. திருச்சி விமான நிலையத்துக்குப் பரிதியின் வேனில் கிளம்பினான். சுடர்விழியின் தலையைத் தடவிவிட்டு, பெட்டியை ஏற்றிவிட்டு, முன் இருக்கையில் உட்கார்ந்தவன், கதவைச் சாத்தவில்லை. விழாவுக்குப் பிறகு அக்காவிடம் அவன் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“நான் கோவமா கேக்கலக்கா. ஏன்னு மட்டும் சொல்லிடு. அங்க போயி ஒக்காந்து யோசிச்சிக்கிட்டே இருப்பேன்.”

பூவிழி கதவில் கை வைத்தபடி நின்றாள். பரிதி வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தான். சொல்லத்தான் போகிறாள் என்று அவன் நினைத்தானாம். அவள் தம்பியின் சட்டைக் காலரில் மடங்கியிருந்த இடத்தை நிமிர்த்திவிட்டு, கதவைச் சாத்தினாள்.